முனீர் லாரியில் இல்லாத வைரஸ்

கேளம்பாக்கத்தில் முனீரைத் தெரியாத செக்யூரிட்டி கிடையாது. தெரிந்ததாகக் காட்டிக்கொள்ளும் குடித்தனக்காரர்தான் கிடையாது. பாதாளச் சாக்கடை இன்னும் எட்டிப் பார்க்காத அடுக்குமாடிகளில் தொட்டி நிரம்பினால், அவருடைய கழிவுநீர் லாரிதான் வந்து உறிஞ்ச வேண்டும். முன்பு அவர் குடிதண்ணீர் லாரி ஓட்டினார். நிறம் ஏன் இப்படி, வாடை ஏன் அப்படி என்று ஆயிரம் கேள்வி கேட்டார்கள். தொழிலை மாற்றிய பிறகு தரத்தைப் பற்றி ஒருவரும் வாய் திறந்ததில்லை.

கோவளத்தில் வீடு. பின்பக்கக் குழாயில் குளித்துவிட்டு வந்தால்தான் மனைவி பதருன்னிசா சோறு போடுவார். மகள் அஃப்ஸானாவுக்குச் செங்கல்பட்டில் அதீப் என்ற பையனைப் பார்த்திருந்தார்கள். பெண்ணின் அத்தாவுக்கு என்ன வேலை என்று மாப்பிள்ளை வீட்டார் கேட்டபோது, "டிரான்ஸ்போர்ட்டு" என்றார் பதருன்னிசா. பொய்யென்று யார் சொல்ல முடியும்?

அந்த டிரான்ஸ்போர்ட்டுக்குத் திடீரென ஒரு மரியாதை வந்தது. கொரோனா மறுபடியும் தலைகாட்டுகிறதா என்று பார்க்க, ஓர் ஆய்வுக்கூடத்திலிருந்து சிநேகா என்ற இளம்பெண் சுத்திகரிப்பு நிலையத்துக்கு வந்தார். அங்கே கொட்ட வரும் ஒவ்வொரு லாரியிலிருந்தும் ஒரு பாட்டில் வேண்டும் என்றார்.

"இத்த எடுத்துனு போயி இன்னா பண்ணுவீங்க மேடம்?"

"வைரஸ் எவ்வளவு இருக்குன்னு பாப்போம் பாய். ஜனங்க ஜுரம்னு டாக்டர்கிட்ட போறதுக்கு முன்னாடியே இதுல தெரிஞ்சிடும். போகாதவங்களுதும் தெரியும்."

முனீருக்கு இது பிடித்துப்போயிற்று. டாக்டரிடம் ஒன்றுமில்லையென்று சாதிக்கிறவர்களால் லாரியிடம் சாதிக்க முடியாதல்லவா? வாரா வாரம் தன் லாரியைப் பற்றிச் சிநேகா வாட்ஸ்அப்பில் அனுப்பும் முடிவை டீக்கடையில் சத்தமாக வாசித்தார். கிளாஸைக் கையால் மூடிக்கொண்டு எல்லோரும் கேட்டார்கள். முடிவு ஏறிக்கொண்டே போனது. மகளின் நிச்சயத்தைத் தள்ளிவைத்தார்.

எந்த மாடியில் ஏறினாலும் கடல் தெரியாத 'கடல்முத்து என்கிளேவ்' என்ற குடியிருப்பின் செயலாளர் ஹரிஹரன் போன் செய்தார். முனீரின் லாரியில் போவது பெரும்பாலும் அவர்களுடையதுதான். அதுவரை "யோவ் லாரி" என்றவர் அன்று "முனீர் சார்" என்றார்.

"எங்க பில்டிங் பேரு எங்கயும் வரக்கூடாது சார். ரெண்டு ஃப்ளாட் விலை பேசிட்டிருக்காங்க."

"பாட்டில்ல பேரா சார் எழுதிகீது?"

"பேரு இல்லேன்னாலும் உள்ள இருக்கறது எங்களோடதுதானே."

அதற்கு உரிமை கொண்டாடிய முதல் செயலாளர் அவராகத்தான் இருப்பார்.

குடியிருப்போர் சங்கம் கூடியது. முகக்கவசம் போடலாம் என்று ஒருவர், எல்லோரும் பரிசோதனை செய்துகொள்ளலாம் என்று இன்னொருவர் சொன்னார்கள். நெடுநேரம் ஆலோசித்து, லாரியை மாற்றுவது என்று முடிவெடுத்தார்கள். புது லாரி சுத்திகரிப்பு நிலையத்துக்குப் போவதில்லை. எங்கே கொட்டுகிறது என்று யாரும் கேட்கவில்லை; படித்தவர்கள்.

அடுத்த வாரமே வைரஸ் குறைந்தது. அதற்கடுத்த வாரம் சரிந்தே விட்டது. சிநேகா முடிவோடு ஒரு சிரிக்கும் பொம்மையையும் அனுப்பினார். தொற்று ஒழிந்ததென்று ஹரிஹரன் லிஃப்டில் நோட்டீஸ் ஒட்டி, மாடியில் விருந்துக்கும் ஏற்பாடு செய்தார்.

ஏன் குறைந்தது என்று முனீருக்குத் தெரியும். அந்த நேரத்தில்தான் பதருன்னிசா கேட்டார்.

"கொறஞ்சிடுச்சில்ல? இன்னும் இன்னாத்துக்குத் தள்றீங்க? புள்ள மேல கொறையான்னு அவங்க கேக்கறாங்க."

உண்மையைச் சொல்ல வாயைத் திறந்தார். பிறகு மனைவியின் முகத்தைப் பார்த்து, "ஆமா, கொறஞ்சிதான் கீது" என்றார். ஆய்வுக்கூடமே சொல்லும்போது எதிர்த்துப் பேச லாரிக்காரர் யார்?

நிச்சயம் அமோகமாக நடந்தது. பிரியாணி தீர்ந்தது. மாப்பிள்ளையின் அத்தா முனீரை மூன்று முறை ஆரத் தழுவினார். அந்த வாரமே வீடு முழுக்க ஜுரம். அஃப்ஸானாவுக்குக் கருவாடு வறுபடும் வாடைகூடத் தெரியவில்லை. சம்பந்தியை ஆஸ்பத்திரியில் சேர்த்து ஆக்சிஜன் வைத்திருக்கிறார்கள் என்று சேதி வந்ததும், முனீர் படுத்தபடியே சிநேகாவை அழைத்தார்.

"மேடம், அந்தக் கடல்முத்து ஃப்ளாட்டு வேற லாரிக்குப் பூட்சி. அதான் கொறஞ்சது."

"எப்போ பாய்?"

"நீங்க சிரிக்கிற பொம்ம போட்டீங்களே, அதுக்கு முன்ன."

"ஏன் சொல்லல?"

"பொண்ணுக்கு நிச்சயம் வெச்சிருந்தோம்."

சிநேகா அந்தச் சரிந்த வரைபடத்தை ஏற்கெனவே மேலிடத்துக்கு அனுப்பி, பாராட்டையும் வாங்கி வைத்திருந்தார்.

மறுநாள் அவர் பாட்டிலோடு கடல்முத்துக்கே போனார். ஹரிஹரன் தொண்டை கட்டிய குரலில், "இது பிரைவேட் ப்ராபர்ட்டி" என்று வாசலில் மறித்தார். தொட்டியில் இருக்கும்வரை அது யாருக்குச் சொந்தம் என்று வக்கீலிடம் கேட்கப் போவதாகவும் சொன்னார். வக்கீல் பதில் சொல்வதற்குள் புது லாரியின் டிரைவர் ஜுரத்தில் படுத்துவிட்டார். தொட்டி நிரம்பி, தரைத்தளக் குளியலறைகளில் எட்டிப் பார்த்தது. தரைத்தளத்துக்காரர்கள் ஒரே காலையில் அறிவியலின் பக்கம் சேர்ந்துவிட்டார்கள்.

உடம்பு தேறியிருந்த முனீர் லாரியோடு போனார். மோட்டார் போடுவதற்கு முன் சிநேகா தன் பாட்டிலை நிரப்பிக்கொண்டார். அதுவரை வராத அளவு வைரஸ் அதில் இருந்தது. இருமி முடித்தவர்கள் பால்கனியில் நின்று, அபாயம் இப்போதுதான் வருகிறதா என்று கவலையோடு கேட்டார்கள்.

சம்பந்தி வீடு திரும்பியதும் முனீர் செங்கல்பட்டுக்குப் போனார். கதவோரம் நாற்காலியைப் போட்டுக்கொண்டு, சாத்துக்குடிப் பையை மடியிலேயே வைத்திருந்தார்.

"சம்பந்தி, வைரஸ் கொறயலன்னு எனக்குத் தெரியும். தெரிஞ்சேதான் நிச்சயத்த வெச்சேன். மன்னிச்சிக்கோங்க."

மெலிந்துபோயிருந்த மனிதர் தலையணையில் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"எனக்கு அன்னிக்கே ஜுரம்தான்" என்றார். "மாத்திர போட்டுகினு வந்தேன். சொன்னா மறுபடியும் தள்ளி வெப்பீங்களே."

முனீர் சாத்துக்குடிப் பையை மேஜைமேல் வைத்தார். இத்தனை நாள் தூங்காமல் கிடந்ததற்கு யாரைக் கோபித்துக்கொள்வது என்று அவருக்குத் தெரியவில்லை. சம்பந்தியம்மா டீ கொண்டுவந்தார். இருவரும் கல்யாணத் தேதியைப் பற்றிப் பேசத் தொடங்கினார்கள்.