நடேசன் இடுப்புச் சாவி

போன வாரம் மகன் வாசற்கதவுக்கு விரல்ரேகைப் பூட்டு மாட்டினான். தொண்ணூறை நெருங்கும் என் விரலை வைத்தால் சிவப்பு விளக்கு எரிகிறது. கோப்பு புரட்டியே ரேகை தேய்ந்துவிட்டதாம். "ஒரு சாவி குடுத்துடேன்" என்றேன். "இதுக்குச் சாவியே கெடையாதுப்பா" என்றான்.

சாவி எனக்குப் பிடித்த சொல் அல்ல. திறவுகோல் என்று லட்சணமாக ஒன்று இருந்தும், போர்த்துக்கீசியர் கப்பலில் கொண்டுவந்த சொல்லை எடுத்து இடுப்பில் செருகிக்கொண்டோம். நம் வயலிலேயே வேறொரு சாவி உண்டு. பால் பிடிக்கும் நேரத்தில் ஏரி வறண்டுபோனால் கதிர் நிமிர்ந்தே நிற்கும், உள்ளே அரிசி இருக்காது. அந்தப் பதர்தான் அது. அதற்கும் கப்பலுக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. சாவுக்குப் பங்காளி என்று நினைக்கிறேன். ஐம்பதுகளில் செங்கற்பட்டு தாலுகா ஆபீசில் நான் குமாஸ்தாவாக இருந்தபோது இரண்டு சாவியும் என் வயிற்றெரிச்சலைக் கொட்டிக்கொண்டன.

முதலில் இரும்புச் சாவி. மகாபலிபுரத்தில் கடலைப் பார்த்தபடி ஒரு சர்க்கார் பங்களா இருந்தது. அதன் சாவி எங்கள் ஆபீசில். பெரிய அதிகாரி முகாம் வந்தால் ஒரு குமாஸ்தா முன்னால் போய்த் திறந்து, தண்ணீர் நிரப்பி, மீனுக்குச் சொல்லிவைத்துக் காத்திருக்க வேண்டும். முறைப்படி அது சீனியரின் பொறுப்பு. சீனியர் நான். தாசில்தார் சாவியை நடேசனிடம் கொடுத்தார். அவனுக்கு ஒரு விதியும் தெரியாது; நாலு பேரைச் சிரிக்கவைக்கத் தெரியும். ஒரு சாண் இரும்பை அரைஞாணில் கோத்துக்கொண்டு, மாட்டு மணி மாதிரி ஓசைப்பட நடப்பான்.

"இன்னா மச்சான் மொறைக்கிற? மாவலிபுரமே என் இடுப்புல கீதுன்னா?"

கடிகாரத்துக்குக் கொடுப்பார்களே, அந்தச் சாவியையும் எனக்குத் தினமும் காலையில் அவன்தான் கொடுத்தான்.

திருக்கழுக்குன்றம் பக்கம் முனிரத்தினம் என்ற விவசாயியின் மகள் வசந்தாவை எனக்குப் பேசியிருந்தார்கள். ஒரு தடவை மோர் கொடுத்துவிட்டு நிமிர்ந்து பார்த்தாள். அந்தப் பார்வையை வைத்தே ஒரு மார்கழியை ஓட்டினேன். அந்த வருடம் அவர் பயிர் முழுதும் சாவி. நிலவரி தள்ளுபடியானால் தையில் பரிசம். இல்லாவிட்டால் கல்யாணப் பேச்சே இல்லை. அவர் ஆபீசுக்கே வந்துவிட்டார்.

"தம்பி, கதிருதான் போச்சு. தாளு இன்னும் பச்சையா கீது. இப்போ அறுத்தா மாட்டுக்காவது ஆவும். அறுத்துடட்டா?"

"தொடாதீங்க மாமா. பயிர் நிக்கிறப்பவே டெப்டி கலெக்டர் பாத்தாத்தான் தள்ளுபடி. மனு மேல போயிருக்கு. வருவாரு."

"எப்போ வருவாரு?"

"முறைப்படி வருவாரு."

பக்கத்து மேசையில் நடேசன் கேட்டுக்கொண்டிருந்தான். அந்த வாரம் டெப்டி கலெக்டர் பங்களாவில் முகாம். காபி குடிக்கும்போது அவரை ஏதோ சொல்லிச் சிரிக்கவைத்து, ஜீப்போடு கொண்டுபோய் அந்த வயலில் நிறுத்திவிட்டான். எந்த விதியிலும் இல்லாத காரியம். அவர் கதிரைக் கசக்கி ஊதினார். வெறும் உமி பறந்தது. வரப்பிலேயே தள்ளுபடிக்குச் சம்மதித்துவிட்டார். மறுநாள் முனிரத்தினம் தாளை அறுத்தார். தையில் பரிசம் நடந்தது, நடேசனோடு. அவனும் எங்கள் உறவுமுறைதான். ஆட்சேபம் எழுத இடமில்லை.

பல வருடம் கழித்து அவர்கள் வீட்டுக்குப் போயிருந்தேன். இட்லி வைத்தபடியே வசந்தா சொன்னாள்: "அன்னிக்கு அறுக்காம வுட்டதாலதான் தள்ளுபடி கெடச்சுதுன்னு எங்க நைனா சொல்லிகினே இருப்பாரு."

"அறுக்காதீங்கன்னு சொன்னது யாராம்?"

"யாரோ ஆபீஸ்காரருன்னாரு."

நடேசன் இட்லியிலிருந்து தலையைத் தூக்கவில்லை.

அந்த வயல் இப்போது வீட்டுமனை. பங்களா இருந்த இடத்தில் ஓட்டல். பயிர் நிற்கும்போதே பார்க்க வேண்டும் என்ற விதியைச் சொன்னால், புரிந்துகொள்ள அந்த ஆபீசில் ஆள் இல்லை. வசந்தா முன்பே போய்விட்டாள். போன ஐப்பசியில் நடேசனும். மாலை வாங்கிக்கொண்டு போனேன், முறை அல்லவா. திரும்பும்போதுதான் உறைத்தது. பொறாமைப்படுவதற்கும் எதிரே ஓர் ஆள் வேண்டும். அந்த இடத்துக்கு இனிப் புதிதாக யாரையும் நியமிக்க வழியில்லை.