தென்துருவத்துத் தீப்பெட்டி

அறுபதுகளில் பீளமேட்டில் நான் வேலை பார்த்த மில்லை மூடினார்கள். ஏழாவதோடு பள்ளிக்கூடத்தை விட்ட எனக்கு வேறு எவர் வேலை தருவார் என்று சோறே இறங்கவில்லை.

கடைசி நாள் கூட்டாளி ரங்கசாமி பேப்பரைச் சத்தமாகப் படித்தார். தென்துருவத்தில் ஆராய்ச்சி நிலையம் ஒன்றை மூடிவிட்டார்களாம். கிளம்பியவர்கள், பின்னால் வருகிறவர்களுக்காக அடுப்பும் தீப்பெட்டியும் வைத்துவிட்டுப் போனார்களாம்.

நான் எழுந்துபோய் என் நூற்பு மெஷினைத் துடைத்து எண்ணெய் போட்டேன்.

"ஏனுங்க, மூடுற மில்லுக்கு எண்ணெய்க் குளியலா?" என்று சிரித்தார் ரங்கசாமி.

"யாராச்சும் வருவாங்கல்லீங்க" என்றேன்.

பிறகு காங்கேயத்தில் ஓர் எண்ணெய் மில்லில் வேலை கிடைத்தது. முதல் நாள் பயந்துகொண்டே போனேன். எனக்கு முன்னால் இருந்தவர் மெஷினைப் பளிச்சென்று துடைத்து, கிரீஸ் டப்பாவைக் கைக்கு எட்டும்படி வைத்திருந்தார்.

அவர் பேர்கூட எனக்குத் தெரியாது. அந்த டப்பாவைத் திறந்து மெஷினுக்குக் கிரீஸ் தடவிவிட்டு, சுவிட்சைப் போட்டேன்.