சித்தியின் உயரமும் எங்கள் வீட்டு முகடும்

எங்கள் வீட்டுக் கூரைக்கு ஒரே ஒரு முகடுதான் இருக்க வேண்டும் என்பதில் அப்பா பிடிவாதமாக இருந்தார். சித்தப்பாவுக்குக் கல்யாணம் நிச்சயமானதும் புதிதாக ஓர் அறை தேவைப்பட்டது. மொட்டைமாடி மாதிரி தட்டையாகத் தார்சு போடக் கூடாது, தனிக் கூரையும் கூடாது, பழைய ஓட்டுக் கூரையே பின்பக்கம் அப்படியே இறங்கி வந்து அதை மூட வேண்டும் என்று சொல்லிவிட்டார். காரணம் உண்டு. ரிஷிவந்தியம் பக்கத்தில் எங்கள் ஊரில் ஒரு வீட்டுக்கு இரண்டாவது முகடு எழும்பினால் அண்ணன் தம்பி பாகம் பிரித்துவிட்டார்கள் என்று அர்த்தம். எதிர்வீட்டில் மாட்டுக்கென்று ஒரு கொட்டகை போட்டதற்கே, "இன்னா, சோறு தனியா ஆக்கறீங்களாமே" என்று விசாரிக்க வந்த ஊர் அது.

கொத்தனார் தலையைச் சொறிந்தார். கூரை அதே சரிவில் பத்தடி இறங்கினால் வெளிச்சுவர் ரொம்பத் தாழ்ந்துவிடும். சரிவைக் குறைத்தால் நாட்டு ஓடு ஒழுகும். பழைய மண்சுவரை உடைத்து உள்பக்கமாக வழி விடவும் முடியாது, மொத்தக் கூரையும் அதன் மேல்தான் நிற்கிறது. ஆக, வாசல் அந்தக் குட்டைச் சுவரில்தான் வந்தாக வேண்டும்.

"தல இடிக்குமேங்க" என்றார்.

"யாரு தல? எங்க வூட்ல ஒசரமா எவன் இருக்கான்?" என்றார் அப்பா.

அது உண்மைதான். எங்கள் பரம்பரையே குள்ளம். அப்பாவும் சித்தப்பாவும் ஒரு கூட்டத்துக்குள் நுழைந்தால் தேடித்தான் பிடிக்க வேண்டும். வரப்போகும் பெண்ணின் உயரத்தைப் பற்றி யாருக்கும் யோசனை போகவில்லை. போயிருந்தாலும் பதில் தெரிந்திருக்காது. பெண் பார்க்கப் போன அன்று அவள் முதுகை வளைத்து, குனிந்த தலையோடு காபித் தட்டை ஏந்தி வந்தாள், பாயில் உட்கார்ந்தாள், நாங்கள் கிளம்பும்வரை உட்கார்ந்தே இருந்தாள். அடக்கமான பெண் என்று அம்மா வழியெல்லாம் மெச்சிக்கொண்டு வந்தாள்.

தெரிந்தது எனக்கு மட்டும். எனக்கு அப்போது எட்டு வயது. கல்வராயன் மலையடிவாரத்தில் இருந்த அந்த வீட்டுக்குப் போய்ச் சேர்ந்த கையோடு நான் பின்பக்கம் சுற்றிப் பார்க்கப் போயிருந்தேன். கொட்டகைக் கூரையில் படர்ந்திருந்த பீர்க்கம்பூவுக்காகக் குதித்துக்கொண்டிருந்தபோது, என் தலைக்கு மேலே வளையல் போட்ட ஒரு கை நீண்டு பூவைப் பறித்துக் கொடுத்தது. பட்டுச்சேலை கட்டியிருந்த அந்தப் பெண் அதற்குக் குதிகாலைக்கூடத் தூக்கவில்லை.

"எம்மாம் ஒசரம்க்கா நீ" என்றேன்.

அவள் சட்டென்று என் முன்னால் குந்தி உட்கார்ந்தாள். "யாருகிட்டயும் சொல்லிடாத பாப்பா. ஒசரம் ஜாஸ்தின்னு மூணு பேரு வந்து பாத்துட்டு வேணாம்னுட்டாங்க."

கையடித்துச் சத்தியம் செய்து கொடுத்தேன். உயரத்தை எதற்கு ஒளிக்க வேண்டும் என்று விளங்கவில்லை. ஆனால் பெரியவள் ஒருத்தி என்னை நம்பி ரகசியம் சொன்னது அதுதான் முதல் தடவை. உயிரே போனாலும் வாயைத் திறப்பதில்லை என்று இருந்தேன்.

சுவர் எழும்ப எழும்ப என் பாடு திண்டாட்டமாகிவிட்டது. வாசலுக்கு நிலை வைத்த அன்று பொறுக்க முடியாமல், "இன்னும் கொஞ்சம் பெருசா வைங்கப்பா, நான் பெருசானா இடிக்கும்" என்றேன்.

"நீ பெருசானா வேற வூட்டுக்குப் போவப்போற" என்று அப்பா சொல்ல, எல்லோரும் சிரித்தார்கள். கூரை முடிந்ததும் அவர் பின்பக்க வயலில் போய் நின்று திரும்பிப் பார்த்தார். பழையது எது, புதியது எது என்று அவருக்கே தெரியவில்லை. அந்தச் சந்தோஷத்தில் இரண்டு மூன்று தடவை போய்ப் பார்த்துவிட்டு வந்தார்.

கல்யாணத்தில் மணவறையில் உட்கார்ந்திருந்தவரை பிரச்சினை இல்லை. சுற்றி வர எழுந்தபோதுதான் மாப்பிள்ளை பெண்ணின் தோளுக்குச் சற்று மேலே வரைதான் வருகிறார் என்பதைச் சனம் பார்த்தது. சித்தப்பா மட்டும் எதையோ ஜெயித்தவர் போலச் சிரித்துக்கொண்டே இருந்தார். அந்தச் சிரிப்புக்காகவே எனக்கு அவரை இன்றைக்கும் பிடிக்கும்.

வீட்டுக்கு அழைத்து வந்து, ஆரத்தி சுற்றி, புது அறையில் விளக்கேற்றச் சொன்னார்கள். சித்தி வலது காலை எடுத்து வைத்தாள். நன்றாகத்தான் குனிந்தாள், போதவில்லை. நிலையில் நெற்றி மோதிய சத்தம் எல்லோருக்கும் கேட்டது. நெற்றிச்சுட்டி கழன்று விழுந்தது.

"மொத மொதல்ல நுழையறப்பவே இப்பிடியா" என்று யாரோ முணுமுணுத்தார்கள்.

எனக்குத் தாங்கவில்லை. "எனக்கு அப்பவே தெரியும், சித்திதான் சொல்லாதன்னு சத்தியம் வாங்குச்சி" என்று ஊரே கேட்க அழுது ஒப்பித்துவிட்டேன், மூன்று பேர் வேண்டாம் என்று போனது வரைக்கும். சித்தி நெற்றியைக்கூடத் தேய்க்காமல் தரையைப் பார்த்தபடி நின்றாள். அப்பா வெளியே போய்விட்டார்.

மூன்றாம் நாள் காலை ஓடு பிரிக்கும் சத்தம் கேட்டு எழுந்தேன். அப்பாவே மேலே ஏறி ஓடுகளை எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தார். சுவரை உயர்த்தி, புது அறைக்குத் தனி முகடு வைக்கப்போகிறார்கள் என்று அம்மா சொன்னாள். அதே நாட்டு ஓடு, அதே சரிவு. இரண்டு கூரையும் சேரும் மடிப்பில் தண்ணீர் ஓட ஒரு தகரம்.

"பாகம் பிரிச்சிட்டாங்கன்னு ஊரு சொல்லுமேங்க" என்று கொத்தனார் கீழிருந்து இழுத்தார்.

"சொல்லிக்கினு போவட்டும்."

உயரத்தை மறைத்த குற்றத்துக்காகச் சித்தியைத் தனியாகப் பிரித்து வைக்கிறார், எல்லாம் என் வாயால் வந்தது என்று நினைத்தேன். புது நிலைக்கு அளவு பார்க்கும் நேரத்தில் அப்பா என்னைக் கூப்பிட்டார். தம்பி மனைவியோடு அவர் நேராகப் பேசுவதில்லை, எங்கள் பக்கத்து மரியாதை அது.

"போயி உங்க சித்திய வரச் சொல்லு. அளவு எடுக்கணும். குனியாம நிக்கணும்னு சொல்லு."

சித்தி வந்தாள். கல்யாணமான நாளிலிருந்து அவள் முழுதாக நிமிர்ந்து நான் பார்த்ததில்லை. கொத்தனார் கோலை நிறுத்தியதும் முதலில் தோள் நிமிர்ந்தது, பிறகு கழுத்து. கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டியது, அவள் துடைத்துக்கொள்ளவில்லை. அப்பா வயல் பக்கம் பார்த்துக்கொண்டு நின்றார். அத்தனை பேர் எதிரில் அவளை அளந்து அவமானப்படுத்துகிறார்களே என்று அந்த எட்டு வயதில் எனக்கு ஆத்திரமாக வந்தது. அப்பாவோடு இரண்டு நாள் நான் பேசவில்லை.