மானிட்டருக்குப் பாவு பிணைத்தவர்

பிள்ளையார்பாளையத்துத் தனசேகரன் எதையும் பழுதுபார்ப்பார். அவர் கைபட்ட மிக்ஸி இன்றும் ஓடுகிறது. ஒருவர் மூடியை அமுக்கிப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும், அவ்வளவுதான். காலிங் பெல் நன்றாக அடிக்கும். நிறுத்துவதற்குத்தான் மெயினை அணைக்க வேண்டும். இதையெல்லாம் அவர் குறையாகவே நினைத்ததில்லை. பழகிக்கொள்ளத் தெரியாதவர்கள் மேல்தான் குறை என்பார்.

தொழில், பாவு பிணைப்பது. தறியில் நீளவாக்கில் ஓடும் பழைய பாவு நூல் தீரும்போது அதன் நுனியோடு புதுப் பாவு நூலை இழை இழையாக, விரலில் சாம்பல் தொட்டு முறுக்கி இணைக்க வேண்டும். அதில் அவர் கெட்டிக்காரர். இல்லையென்று சொன்னால் நாக்கு அழுகிவிடும். உலகத்தில் இருப்பதெல்லாம் பாவுதான் என்று நினைத்துக்கொண்டதில் வந்தது வினை.

மனைவி எஸ்தர் வீட்டுக் கம்ப்யூட்டரில் சேலை டிசைன் போடுகிறாள். குடும்பம் ஓடுவது பெரும்பாலும் அதில்தான். அதை அவர் வெளியில் சொல்வதில்லை. பட்டுக்கடை வேணுகோபால் ஒரு முகூர்த்தச் சேலைக்கு டிசைன் கேட்டிருந்தார். உடல் அரக்கு, பார்டர் பச்சை. சாயங்காலத்துக்குள் பெண் வீட்டார் போனில் பார்த்துச் சரி சொல்ல வேண்டும். பிடித்துப்போனால் அந்தக் கல்யாணத்துச் சேலை அத்தனைக்கும் டிசைன் அவளுடையதுதான். அன்றைக்குப் பார்த்து மானிட்டர் விட்டு விட்டு எரிய ஆரம்பித்தது.

“மெக்கானிக் பாலாஜியக் கூப்புடலாங்க,” என்றாள்.

“அவன் இன்னாத்துக்கு? நான் இன்னா செத்தா பூட்டேன்?”

மானிட்டரைக் கவிழ்த்துப்போட்டு ஸ்குரூடிரைவரால் ஒரே நெம்பு. பின்மூடி வந்தது, கூடவே உள்ளே இருந்த மெல்லிய ஒயர்க் கற்றையும் அறுந்துகொண்டு வந்தது. வேறு யாராக இருந்தாலும் தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். இவருக்கு முகம் மலர்ந்துவிட்டது. ஒயர் என்றால் இழை. இழை என்றால் பிணைத்துவிடலாம். சாம்பல் டப்பாவைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, ஒவ்வொரு ஒயராகப் பல்லால் தோல் உரித்து, சாம்பல் தொட்டு முறுக்கினார்.

பாழாய்ப்போன மானிட்டர் எரிந்தும் தொலைத்தது. ஆனால் திரையில் நீலத்தை மட்டும் காணவில்லை.

“நீலமே வரலியேங்க,” என்றாள் எஸ்தர்.

“அவங்க கேட்டது அரக்குமா. நீலத்த வெச்சிக்கினு இன்னா பண்ணப் போற?”

பொழுது போய்க்கொண்டிருந்தது. தன் கண்ணுக்கு அரக்காகத் தெரிந்த நிறத்தைப் போட்டு அனுப்பிவிட்டாள். கொஞ்ச நேரத்தில் வேணுகோபால் போனில் கத்தினார்.

“இன்னாம்மா இது, அரக்கு கேட்டா கத்திரிப்பூ கலரு அனுப்பிக்கிற? பொண்ணோட அம்மா மூஞ்சியத் திருப்பிக்கினாங்க. வேற ஆளுகிட்ட குடுத்துட்டேன்.”

திரையில் தெரியாத நீலம் டிசைனுக்குள் இருந்திருக்கிறது. எஸ்தருக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. தனசேகரனுக்கோ முகத்தில் வெற்றிக் களை.

“பாத்தியா! நீலம் உள்ள இருக்குது. நான் போட்ட பிணைப்புல தப்பே இல்ல.”

அவள் பாலாஜிக்குப் போன் போட்டாள்.

பாலாஜி வந்து பின்மூடியைக் கழற்றினான். மடியெல்லாம் சாம்பல் கொட்டியது. முறுக்கிக் கிடந்த ஒயர்களைப் பார்த்துவிட்டு நிமிர்ந்தான்.

“யாருண்ணா இந்த வேலைய செஞ்சது?”

தனசேகரன் சட்டென்று ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். “யாரோ ஒரு மெக்கானிக்பா. ஒன்னியும் தெரியாத ஆளு.”

எஸ்தர் டீ டம்ளரைப் பாலாஜியிடம் நீட்டினாள்.

“ஆமாம்பா. எம் பொழப்புல மண்ணப் போட்டுட்டு, இன்னும் போவாம இங்கியேதான் சோறு துன்னுகினு கீறான்.”