என் அறைக்கு எதற்கு நாலு கோடு

லெப்பைக்குடிக்காட்டில் நாங்கள் புது வீட்டுக்குக் குடிபோனபோது அதில் இருந்தது மூன்றே பேர்: நான், மருமகள், மூன்று வயதுப் பேத்தி. வீடோ கீழே ஆறு அறை, மேலே ஐந்து. வெளிநாட்டில் வேலை பார்க்கும் என் மகன் கட்டியது. ஒருத்தரை ஒருத்தர் கண்டுபிடிக்கவே குரல் கொடுத்துக்கொண்டு அலைய வேண்டும்.

2007-ல் லீவில் வந்த மகன், வயர் இல்லாமல் இண்டர்நெட் கொடுக்கும் பெட்டி ஒன்றைக் கொண்டுவந்து ஹாலில் டெலிபோன் பக்கத்தில் மாட்டிவிட்டுப் போனான். வைஃபையாம். இரண்டு கொம்பு, வரிசையாகப் பச்சை விளக்கு. அதுவரை லேப்டாப் ஹாலில்தான் வயரோடு கிடந்தது. வெள்ளிக்கிழமை அவனுக்கு லீவு. திரையில் அவன் முகம் வந்தால் மூன்று பேரும் சேர்ந்து உட்கார்ந்து பேசுவோம். பெட்டி வந்த பிறகு மருமகள் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு மாடிக்குப் போக ஆரம்பித்தாள்.

புருஷன் பெண்டாட்டி தனியாகப் பேசுவதில் தப்பில்லை. ஆனால் நான் படியேறும் சத்தம் கேட்டதுமே அவள் பேச்சு மாறும். "மாமி வர்றாங்க. அப்பறம், சாப்பிட்டீங்களா?" என்பாள். அந்த மாதம் பேத்தியைத் திருச்சிக்குக் கூட்டிப்போய்ப் போட்டோ எடுத்துவந்தாள். பெருநாளும் இல்லை, கல்யாணமும் இல்லை. பின்னால் வெள்ளைத் துணி, சிரிக்கக்கூட விடாமல் பிள்ளையை நிறுத்திவைத்து ஒரு போட்டோ. பாஸ்போர்ட்டுக்கு இல்லாமல் வேறெதற்கு? பதினோரு அறைக்குள் என்னை ஒற்றையாக விட்டுவிட்டு இவர்கள் போகப்போகிறார்கள் என்று அன்றைக்கே மனதில் விழுந்துவிட்டது. வாயைத் திறந்து கேட்க எனக்குக் கூச்சம். கேட்டு, ஆமாம் என்று சொல்லிவிட்டால் என்ன செய்வது என்ற பயமும்தான்.

அதனால் ஒரு காரியம் செய்தேன். வெள்ளிக்கிழமை அவள் மாடிக்குப் போய்க் கொஞ்ச நேரமானதும் பெட்டியின் சுவிட்சை அணைத்துவிடுவேன். "மாமி, சிக்னல் போயிடுச்சு" என்று அவள் இறங்குவதற்குள் திரும்பப் போட்டுவிட்டு, தஸ்பீஹ் மணியை உருட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். "வந்துடும்மா" என்பேன்.

பெரம்பலூரிலிருந்து ஒரு கம்ப்யூட்டர்காரர் இரண்டு தடவை வந்து பார்த்தார். அவர் இருக்கும்வரை பெட்டி ஒழுங்காக எரியும். ஒரு குறையும் தெரியாமல் திரும்பிப் போவார். மூன்றாவது தடவை, லேப்டாப்பைக் கைக்குழந்தையைப் போல முன்கையில் ஏந்திக்கொண்டு ஒவ்வொரு அறையாக நடந்தார். எங்கே சிக்னல் எத்தனை கோடு காட்டுகிறது என்று பார்க்கிறாராம். வேற்று ஆள் இப்படி மூலை முடுக்கெல்லாம் நோட்டம் பார்ப்பது எனக்குப் பிடிக்கவில்லை. முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு கதவு மறைவில் நின்றேன். கடைசியாக என் அறைக்குள் போனார்.

"இந்த ரூம்லதாங்க சுத்தமா இல்ல."

"இங்கதாங்க முக்கியம். நாலு கோடும் வரணும்" என்றாள் மருமகள்.

எனக்குத் திக்கென்றது. லேப்டாப்பைத் திறக்கக்கூடத் தெரியாத என் அறைக்கு எதற்கு நாலு கோடு?

அவர் வெளியே வந்து, என் அறைச் சுவரை ஒட்டி நின்ற இரும்பு பீரோவைத் தட்டினார். என் கல்யாணத்துக்கு வந்த பீரோ. "இதாங்க மறிக்குது. நகத்துனா வந்துடும். உள்ளாற இருக்கறத எடுத்துட்டா சொலபம். சாவி யாருகிட்டங்க?"

இடுப்பிலிருந்த சாவியை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். "பீரோவ யாரும் தொடக்கூடாது."

மனிதர் திடுக்கிட்டுக் கதவுப் பக்கம் திரும்பினார். அதுவரை அவர் என் குரலையே கேட்டதில்லை. "அம்மா, உங்களுக்காகத்தாங்க இவ்வளவும். இவங்க போனப்பறம் நீங்க படுத்துக்கிட்டே பேத்தியப் பாக்கலாம்ல?"

மருமகள் தலையைக் குனிந்துகொண்டாள். கம்ப்யூட்டர்காரர் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, குடிக்கத் தண்ணீர் கேட்டார்.

தண்ணீரைக் கொடுத்துவிட்டு அவளிடம் கேட்டேன். "எப்ப?"

"நோம்புக்கு முன்னாடி, மாமி. நீங்க வரமாட்டீங்கன்னு அவங்க சொன்னாங்க. அதான் எப்படிச் சொல்றதுன்னு…"

"கேட்டாத்தானடி தெரியும்."

"கேட்டா வருவீங்களா?"

வரமாட்டேன்தான். அது வேறு. ஆனாலும் ஒரு வார்த்தை கேட்டிருக்க வேண்டும். அப்படியே சொன்னேன். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். எனக்கும் ஒரு மாதிரியாக இருந்தது. ஆனால் அந்த மனிதர் முன்னால் அழக் கூச்சம்.

"அப்ப பீரோவ என்னங்க பண்றது?" என்றார் அவர், காலி டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு.

"அது பாட்டுக்கு நிக்கட்டும். அந்த ரூமுக்கு நான் தூங்கத்தான் போவேன். பகல் பூரா அடுப்படியிலதான் கெடக்கறேன். கோடு அங்க வரட்டும்."

அடுப்படி மேடையில் அரிசி டப்பாவை ஒதுக்கி லேப்டாப்பை வைத்துப் பார்த்தார். இரண்டு கோடு. பெட்டியைக் கழற்றி, அடுப்படிக்கு அடுத்த சுவரில் உயரத்தில் மாட்டினார். நாலு கோடும் வந்தது. சுவிட்சும் என் கைக்கு எட்டாத உயரத்துக்குப் போய்விட்டது.

"ஒண்ணுதாங்க இன்னும் புரியல" என்றார் கிளம்பும்போது. "அதென்ன வெள்ளிக்கிழம மட்டும் கட்டாவுது?"

"இனிமே ஆவாது" என்றேன்.

மருமகள் சுவிட்சைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள்.

லேப்டாப்பை எனக்கு விட்டு, அதைத் திறக்கவும் சொல்லிக்கொடுத்துவிட்டு, சொன்னபடி நோன்புக்கு முன் அவர்கள் போனார்கள். வெள்ளிக்கிழமைதோறும் அடுப்படியில் பேத்தியின் முகம் தெளிவாகத்தான் வந்தது. ஆனால் பேச்சின் நடுவில் எப்போதாவது திரை நின்றுபோனால், அங்கே யார் சுவிட்சை அணைத்தது என்றுதான் எனக்கு முதலில் தோன்றும்.