பலகைத் தட்டியில் ஒரு கண்

நானும் தம்பியும் இரட்டையர். பத்து நிமிடம் முந்திப் பிறந்த உரிமையில் நான் அக்கா. ஆனால் ஏதாவது தேவைப்பட்டால்தான் அவன் வாயில் அந்த அக்கா வரும். சுன்னாகத்துக்குப் பக்கத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் ஐந்தாம் வகுப்புவரை ஒரே வாங்கில் இருந்து படித்தோம். கரும்பலகையைப் பார்த்து நான் எழுதுவேன். என் கொப்பியைப் பார்த்து அவன் எழுதுவான். அவனைப்போல ஒரு சோம்பேறி உலகத்திலேயே இல்லை என்று நினைத்திருந்தேன்.

ஆறாம் வகுப்பில் புதிய அதிபர் வந்தார். ஒரு மாணவியின் கொப்பியில் யாரோ இதயப்படம் கீறியிருந்ததைக் கண்டு, ஆண்பிள்ளைகளையும் பெண்பிள்ளைகளையும் ஒன்றாக வைத்திருந்தால் குடி மூழ்கிவிடும் என்று முடிவெடுத்தார். நீண்ட மண்டபத்தின் நடுவில் பலகைத் தட்டி எழுந்தது. அந்தப் பக்கம் அவர்கள், இந்தப் பக்கம் நாங்கள். கணிதத்துக்கு ஒரு ரீச்சர்தான். பாவம், அங்கே எழுதித் துடைத்த அதே கணக்குகளை அடுத்த பாடத்தில் இங்கே வந்து மறுபடி எழுதுவார். அந்த நேரம் பெடியன்கள் உடற்பயிற்சிக்கு மைதானத்துக்குப் போய்விடுவார்கள்.

நான் கடைசி வாங்கு. என் முதுகுக்குப் பின்னால் தட்டி. அதில் ஆணி பிடுங்கிய சின்ன ஓட்டை ஒன்று இருந்தது. அந்தப் பக்கத்து வெளிச்சம் அதில் ஒரு பொட்டாகத் தெரியும். ஒருநாள் கணிதப் பாடத்தில் என் பிடரி கூசியது. திரும்பினேன். பொட்டு அணைந்திருந்தது. கிட்டப் பார்த்தபோது உள்ளே ஈரமாக ஏதோ மினுங்கியது. பிறகு அது இமைத்தது.

நான் கத்திய கத்தில் ரீச்சர் சுற்றிக்கொண்டு ஓடிப்போய்ப் பார்த்தார். வெறும் வாங்குகள்தான் கிடந்தன. ஓட்டைக்குள் கடதாசி அடைத்தார். அடுத்த கணிதப் பாடத்தில் அந்தக் கடதாசி மெல்ல என் தோளில் வந்து விழுந்தது.

சண்டைக் காலத்தில் இடம்பெயர்ந்த சனங்கள் அந்த மண்டபத்தில் தங்கியிருந்ததாகவும், ஒரு பெடியன் அங்கே காய்ச்சலில் செத்துப்போனதாகவும் வகுப்பில் ஒருத்தி சொன்னாள். அதற்குமேல் எங்களுக்கு அத்தாட்சி வேண்டியிருக்கவில்லை. எனக்கோ இன்னொன்றும் தெரியும். நான் எழுந்து நின்று ஓட்டையை மறைத்தால், அந்தப் பக்கத்திலிருந்து மெதுவாக இரண்டு தட்டு கேட்கும். விலகினால் நின்றுவிடும். இதை நான் ஒருவருக்கும் சொல்லவில்லை. சொல்லவே பயமாக இருந்தது.

சந்நிதி முருகன் கோயிலிலிருந்து அம்மா கொண்டுவந்த திருநீறு சாமியறையில் இருந்தது. பேய்க்குத் திருநீறு ஆகாது என்பது எங்கள் ஊரில் பால்குடிப் பிள்ளைக்கும் தெரியும். ஒரு சிட்டிகை எடுத்து, மை தீர்ந்த பேனையின் வெறுங்குழாயில் போட்டுக்கொண்டு போனேன். கணிதப் பாடத்தில் பொட்டு அணைந்தது. குழாயை ஓட்டையில் வைத்து, முருகா என்று மனதுக்குள் சொல்லி, மூச்சை இழுத்து ஊதினேன்.

"அம்மா!" என்று அந்தப் பக்கம் அலறியது தம்பியின் குரல்.

முகமெல்லாம் திருநீறும் ஒற்றைச் சிவந்த கண்ணுமாக அவனை அதிபரின் முன் நிறுத்தினார்கள். அப்பாவையும் என்னையும் கூப்பிட்டார்கள்.

"உவர் பெட்டையளை எட்டிப் பாக்கிறார்," என்றார் அதிபர்.

"இல்லை சேர், நான் ஒருதரையும் பாக்கேல்லை. அந்த ஓட்டையாலை பாத்தாத்தான் எனக்குக் கரும்பலகையிலை எழுத்துத் தெரியுது."

வெளியே நின்ற பிள்ளைகள்வரை சிரித்தார்கள். தம்பி என்னைத் திரும்பிப் பார்த்தான்.

"அக்கா, நீ சொல்லு. நான் முந்தியும் உன்ரை கொப்பியைப் பாத்துத்தானே எழுதினனான்?"

என் வகுப்புப் பிள்ளைகள் யன்னலால் பார்த்துக்கொண்டு நின்றார்கள். எட்டிப் பார்த்தவனின் அக்கா என்ற பெயரே என் மானம் போகப் போதுமாயிருந்தது.

"எனக்கொண்டும் தெரியாது," என்றேன்.

அப்பா அவனை மானிப்பாயில் பெரியப்பா வீட்டில் விட்டு, பெடியன்கள் மட்டும் படிக்கும் பள்ளிக்கூடத்தில் சேர்த்தார். படிப்பு ஏறவில்லையென்று ஒன்பதாம் வகுப்போடு நிறுத்தினார்கள். அதன்பிறகு என்ன தேவை வந்தாலும் அவன் என்னை அக்கா என்று கூப்பிட்டதில்லை.

போன வருடம் தலையிடியென்று கண் வைத்தியரிடம் போனேன். சுவரில் எழுத்துகள் கலங்கிக் கிடந்தன. அவர் ஒரு கறுத்த தட்டை என் கண்ணுக்கு முன்னால் பிடித்தார். அதன் நடுவில் ஆணி ஓட்டையளவு ஒரு துவாரம்.

"இப்ப வாசியுங்கோ பாப்பம்," என்றார்.

எழுத்துகள் தெளிந்து வந்தன. கடைசி வரிவரைக்கும் எனக்குத் தெரிந்தது. வாசிக்கத்தான் முடியவில்லை.