காவலர்கள் விடாத கோபுரம்

எனக்குக் கதை சொல்லத் தெரியும் என்று யாரும் சொன்னதில்லை. கோபம் வரும் என்று மட்டும் எல்லோரும் சொல்வார்கள். ஓசூரில் கம்பெனி விடுதியில் ஆறு பேருக்கு ஓர் அறை. எனக்குக் கீழ்க்கட்டில், மேல்கட்டிலில் ஒரு காவேரிப்பட்டினத்துக்காரி. சாயங்காலம் ஷிப்ட் முடிந்து வந்ததும் ஊருக்குப் போன் போட்டு, "ரெண்டு வாய் சாப்டு தங்கம்" என்று அரைமணி நேரம் கெஞ்சுவாள். அந்தப் பக்கம் ஐந்து வயதுப் பெண் குழந்தை. அக்கா மகள் என்று சொல்லியிருந்தாள்.

அக்கா மகள் சாப்பிடவில்லை என்று எந்தச் சித்தி தினமும் அழுவாள்? ஒருநாள் எரிச்சலில் முகத்துக்கு நேராகவே கேட்டுவிட்டேன். அறையில் வேறு யாரும் இல்லை. எழுந்து கதவைச் சாத்திவிட்டு வந்து சொன்னாள். குழந்தை அவளுடையதுதான். பெங்களூருக்கு வேலைக்குப் போன புருஷன் போனவன்தான், திரும்பவில்லை. எங்கள் விடுதியில் கல்யாணம் ஆகாதவர்களுக்கு மட்டும்தான் இடம். சேரும்போது படிவத்தில் ஆகவில்லை என்று எழுதிவிட்டு, குழந்தையை அக்கா வீட்டில் விட்டுவிட்டு வந்திருக்கிறாள். தெரிந்தால் இடமும் போகும், வேலையும் போகும். அதனால் நேரில் அம்மா, போனில் சித்தி என்று குழந்தையைப் பழக்கி வைத்திருந்தாள். அந்த ஐந்து வயது ஒரு தடவைகூட மாற்றிக் கூப்பிட்டதில்லை.

"கதை சொன்னா சாப்புடுவாளாம்டி. எனக்கு ஒண்ணுமே வரல. நீ சொல்லேன்" என்றாள்.

போனை வாங்கி, வாயில் வந்ததைச் சொன்னேன். ஏழு மலைக்கு அப்பால் ஒரு காடு, காட்டுக்கு நடுவில் கறுப்புக் கல்லில் ஒரு கோபுரம், உச்சியில் அணையாத விளக்கு. அங்கே ஒரு மந்திரக்காரி இருக்கிறாள். அவளைப் பார்க்க ஒரு சின்னப் பெண் நீலக் குதிரையில் வருகிறாள்.

"அவங்க ஏன் கீழ வர மாட்டறாங்க?" என்றது குழந்தை.

"வேலை இருக்கு" என்றேன். வேறு காரணம் எனக்குத் தோன்றவில்லை.

கோபுர வாசலில் நின்ற காவலர்களுக்கு முதலில் வேலும் வாளும் கொடுத்தேன். நாலாம் நாளே அவர்கள் எங்கள் கேட் செக்யூரிட்டி ஆகிவிட்டார்கள். பையைத் திறந்து பார்த்தார்கள். டிபன் பாக்ஸை முகர்ந்தார்கள். ரெஜிஸ்டரில் போட்டோ ஒட்டியிருக்கிறவர்களைத் தவிர யாரையும் விடமாட்டோம் என்றார்கள். அதில் ஒருவன் எங்கள் வாட்ச்மேன் மாதிரியே, "யாரு நீனு? எல்லி ஹோக்தியா?" என்று கன்னடத்தில் அதட்டுவான். யார் நீ, எங்கே போகிறாய் என்று அர்த்தம். குழந்தை விழுந்து விழுந்து சிரிக்கும். சிரிக்கிற வாயில் அதன் பெரியம்மா ஒரு கவளத்தை வைத்துவிடுவாள்.

குழந்தையும் லேசுப்பட்டதில்லை. நீலக் குதிரைப் பெண்ணைப் பால்கேனுக்குள் ஒளித்து அனுப்பியது. கேனைத் திறந்து பார்த்தார்கள் என்றேன். மாய மை பூசி அனுப்பியது. கண்ணுக்குத் தெரியாதவர்களும் கையெழுத்துப் போட வேண்டும் என்றேன். குதிரை பறந்தது. குதிரைக்கு டோக்கன் எங்கே என்று கேட்டார்கள். இப்படி மூன்று வாரம். எனக்குத் தலைக்கனம் ஏறிவிட்டது.

"வுட்டுடுடி, பாவம்" என்பாள் மேல்கட்டில்காரி.

"உள்ள வுட்டா கதை முடிஞ்சுரும். அப்பறம் யாரு சோறு ஊட்டறது?" என்பேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மொட்டை மாடியில் துணி துவைத்துக்கொண்டிருந்தோம். ஏழெட்டுப் பேர் இருந்தார்கள். அந்தப் பக்கக் கொடியில் வார்டன் தன் புடவையை உலர்த்திக்கொண்டிருந்தாள். ஐந்து நிமிஷம் தாமதமாக வந்தாலும் வீட்டுக்குப் போன் போடுகிற வார்டன். மேல்கட்டில்காரிக்குப் போன் வந்தது. கையெல்லாம் சோப்பு என்பதால் சுவர்மேல் வைத்து ஸ்பீக்கரில் போட்டாள். கதைதானே, யார் கேட்டால் என்ன என்று இருவருமே நினைத்தோம்.

"இன்னிக்கு ஒளிஞ்சு போகல. நேராப் போயி கேக்கப் போறா" என்றது குழந்தை.

நான் காவலன் குரலுக்கு மாறினேன். "யாரைப் பாக்கணும்?"

"மந்திரக்காரிய."

"அவங்க உனக்கு என்ன வேணும்?"

கேட்டில் வருகிற எல்லோரிடமும் கேட்கிற கேள்விதான்.  "சித்தி" என்றது. உடனே குரலைத் தாழ்த்திக்கொண்டு, "உள்ள போயிட்டா அம்மான்னு கூப்புடலாமா?" என்று கேட்டது.

மாடியில் துணி அடிக்கிற சத்தம் நின்றுவிட்டது. வார்டன் திரும்பினாள்.  மூன்று வாரமாக அந்தக் குழந்தை அதன் அம்மாவிடம் போக வழி கேட்டுக்கொண்டிருந்திருக்கிறது. நான் சாமர்த்தியமாக விரட்டி விரட்டி அடித்திருக்கிறேன்.

"கேட்ட தெறந்தாச்சு தங்கம். உள்ள போயி கூப்புடு" என்றேன்.

"அம்மா!"

தெருவுக்கே கேட்டிருக்கும். அவள் போனை அணைத்திருக்கலாம். வார்டனைப் பார்த்தாள், போனைப் பார்த்தாள். "என்னா தங்கம்" என்றாள். அதற்குமேல் பேச முடியாமல் அழுதாள்.

வார்டன் எங்களை நோக்கி வந்தாள். நான் முந்திக்கொண்டு, "கதைக்காகங்க மேடம், சும்மா கதைக்காக..." என்று உளறினேன். என்னை அவள் பார்க்கவே இல்லை. "துவைச்சவங்கள்லாம் கீழ எறங்குங்க" என்று மற்றவர்களை அனுப்பினாள். ஈரக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு போனை எடுத்தாள். ஸ்பீக்கரை அணைத்தாள். சோப்புக் கையோடு உட்கார்ந்திருந்தவளின் காதில் போனை வைத்து, பேசி முடிக்கும்வரை பிடித்துக்கொண்டு நின்றாள்.